சிலிசைடு வாங்கறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

நீ அனுப்பின கொட்டேஷனைப் பார்த்தேன். மாலிப்டினம் டைசிலிசைடு, 99.5 சதவீதத் தூய்மை, 3 முதல் 6 மில்லிமீட்டர் துண்டுகள், 100 கிராம். எலக்ட்ரான் பீம் ஆவியாக்கலுக்கு உகந்ததுன்னு பக்கத்துலயே எழுதியிருக்கு. கைடு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அதைக் கொஞ்சம் நிறுத்தி வை, தங்கச்சி. சரக்குல குறை ஒண்ணும் இருக்காது. அதை ஹார்த்துல போட்டுச் சூடாக்கினா அதே சேர்மம் அப்படியே வேஃபர் மேல வந்து உக்காரும்னு நீ நம்பறியே, அங்கதான் சிக்கல்.

ஆவியழுத்த அட்டவணையை எடுத்துப் பக்கத்துல வச்சுக்கோ. பத்தாயிரத்துல ஒரு டார் ஆவியழுத்தம் வர்றதுக்கு சிலிக்கானுக்கு 1337 டிகிரி செல்சியஸ் போதும். மாலிப்டினத்துக்கு 2117 வேணும். டான்டலத்துக்கு 2590, டங்ஸ்டனுக்கு 2757. மாலிப்டினம் டைசிலிசைடு உருகறதே 2030 டிகிரி பக்கத்துலதான். அந்தச் சூட்டுக்குக் கொண்டு போனா சிலிக்கான் மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடும், மாலிப்டினம் பெரும்பாலும் இருந்த இடத்துலயே இருக்கும். பாகு காய்ச்சும்போது தண்ணி பறந்து சர்க்கரை அடியில கெட்டிப்படுதே, அதே கதை. முதல் சில நிமிஷத்துல விழற படலத்துல சிலிக்கான் அதிகம். நேரம் போகப் போக உருகின குட்டையில உலோகம் கூடிக்கிட்டே வரும். சிலிக்கான் குறைஞ்ச அடுத்த சேர்மம், அஞ்சு மாலிப்டினத்துக்கு மூணு சிலிக்கான் இருக்கிறது, 2180 டிகிரியிலதான் உருகும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வியூ போர்ட் வழியா பார்த்தா ஆரம்பத்துல குட்டை அகலமா, கண்ணாடி மாதிரி தளதளன்னு இருக்கும். கொஞ்ச நேரத்துல ஓரம் மங்கி உறைய ஆரம்பிக்கும், பீம் படற நடுப்பகுதி மட்டும் பளீர்னு வெள்ளையா நிக்கும். ரேட் சரியும். நீ பீம் கரன்ட்டைக் கூட்டுவே. ரேட் திரும்பி வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு தோணும். ஆனா இப்போ வர்றது வேற சரக்கு. குவார்ட்ஸ் கிரிஸ்டல் மானிட்டர் இதைக் காட்டிக் கொடுக்கவே கொடுக்காது. அதுக்குத் தெரிஞ்சது எடை ஒண்ணுதான். நீ கொடுத்த அடர்த்தியை வச்சு நானோமீட்டர் கணக்கு சொல்லிட்டுப் போயிடும்.

எல்லா சிலிசைடும் இவ்வளவு முரண்டு பிடிக்காது. டைட்டானியத்துக்கு அதே ஆவியழுத்தம் 1453 டிகிரியில வந்துடும், குரோமியத்துக்கு 1157லயே. சிலிக்கானோட 1337க்கு ரெண்டும் பக்கத்துல இருக்கறதால விகிதம் டங்ஸ்டன் அளவுக்கு ஓடிப் போகாது. ஆனா எந்த விகிதத்துல கலந்திருக்குங்கறதைப் பொறுத்து எது முன்னாடி கிளம்பும்னு மாறும், அதனால இங்கயும் அசட்டையா இருந்துடாதே. மின்தடைப் படலத்துக்குக் குரோமியம் சிலிசைடு வேணும்னா ஃபிளாஷ் ஆவியாக்கல்னு ஒரு பழைய வழி இருக்கு. நல்லாச் சூடான பரப்பு மேல மணி மணியா தூளை விழ விட்டு, ஒவ்வொரு மணியும் விழுந்த உடனே முழுசா ஆவியாகற மாதிரி பண்றது. முழு மணியும் போயிடறதால எது முன்னாடி எது பின்னாடிங்கற சண்டையே வராது. தூளைச் சீரா விழ வைக்கிறதுதான் தலைவலி.

தனித்தனியா வாங்கு

என் சொல்லு இதுதான்: டங்ஸ்டன், மாலிப்டினம், டான்டலம் இந்த மூணுக்கும், உங்க சேம்பர்ல ரெண்டு எலக்ட்ரான் கன் இருந்தா, சிலிசைடா வாங்காம உலோகத்தைத் தனியா, சிலிக்கானைத் தனியா வாங்கி ஒரே நேரத்துல ஆவியாக்கு. புதுசா நான் கண்டுபிடிச்ச வழி இல்லை. சிப்ல கேட் கம்பிகள் மெலிய மெலிய, டோப் பண்ணின பாலிசிலிக்கானோட மின்தடை தாங்கலைன்னு எழுபதுகள்ல எல்லாரும் தவிச்சாங்க. எவ்வளவு டோப் பண்ணினாலும் அது சில நூறு மைக்ரோ ஓம் சென்டிமீட்டருக்குக் கீழ வராது. அலுமினியம் போடலாம்னா அடுத்து வர்ற 900, 1000 டிகிரி உலையைத் தாங்காது. அப்போ 1979ல ஐபிஎம்மோட கிரவுடரும் ஜிரின்ஸ்கியும் பாலிசிலிக்கான் மேல டங்ஸ்டன் சிலிசைடு படலம் போட்டுக் காட்டினாங்க. அந்தப் படலம் டங்ஸ்டனையும் சிலிக்கானையும் சேர்த்து ஆவியாக்கித்தான் வந்தது. பெல் லேப்ஸ்ல இருந்த முரார்கா 1983ல ‘சிலிசைட்ஸ் ஃபார் விஎல்எஸ்ஐ அப்ளிகேஷன்ஸ்’னு ஒரு முழுப் புத்தகமே எழுதிட்டார். லைப்ரரியில இருந்தா எடுத்துப் படி. பழசுதான், ஆனா இன்னிக்கும் உன் கேள்வியில பாதிக்கு அதுல பதில் இருக்கு.

ரேட் கணக்கை நானே போட்டுக் காட்டறேன், ஒரு தடவை புரிஞ்சுட்டா போதும். ஒரு மோல் சிலிக்கானோட கன அளவு 28.09ஐ 2.33ஆல வகுத்தா 12.06 கன சென்டிமீட்டர். டங்ஸ்டனுக்கு 183.84ஐ 19.25ஆல வகு, 9.55 வரும். ஒரு டங்ஸ்டன் அணுவுக்கு ரெண்டு சிலிக்கான் வேணும், அதாவது 24.1. இதை 9.55ஆல வகுத்தா 2.52. ஆக, டங்ஸ்டன் 1 நானோமீட்டர் விழற நேரத்துல சிலிக்கான் 2.52 நானோமீட்டர் விழணும். டங்ஸ்டனை நொடிக்கு 0.2 நானோமீட்டர்ல நிறுத்தினா சிலிக்கானை 0.5ல வை. இதே மாதிரி மாலிப்டினத்துக்கு 2.58, டான்டலத்துக்கு 2.22, டைட்டானியத்துக்கு 2.27. இதை லாக் புக் அட்டை உள்பக்கத்துல எழுதி வச்சுக்கோ.

இன்னும் ஒரு விஷயம்: சரியா ரெண்டுக்குக் குறி வைக்காதே, கொஞ்சம் மேல வை. டங்ஸ்டன் 0.2 இருக்கும்போது சிலிக்கானை 0.6 ஆக்கினா ஒரு டங்ஸ்டனுக்கு 2.4 சிலிக்கான் வரும். கொஞ்சம் சிலிக்கான் மிச்சம் இருக்கற படலம் உரிஞ்சு வராம ஒட்டி நிக்கும், பின்னாடி ஆக்சைடு வளர்த்தா அதுக்குத் தேவையான சிலிக்கானும் கையில இருக்கும். உலோகம் மிஞ்சினா ஆக்சிஜன் உள்ள வந்து படலத்தையே கெடுத்துடும்.

ரெண்டு கன்னுக்கும் தனித்தனி கிரிஸ்டல் வேணும். நடுவுல ஒரு தகடு வச்சு ஒரு கிரிஸ்டலுக்கு இன்னொரு கன் தெரியாம மறை. மறைச்சிருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க, சிலிக்கானை மட்டும் ஆவியாக்கி டங்ஸ்டன் கிரிஸ்டலைப் பார். அதுல எண் நகர்ந்தா தகடு போதலைன்னு அர்த்தம். சேர்ந்து போடும்போது முதல்ல டங்ஸ்டனை நிலைப்படுத்து. அதுதான் மெதுவா அசையறது, அதிகப் பவர் கேட்கறதும் அதுதான். சிலிக்கான் சொன்னதைக் கேட்கும், அதை அப்புறம் சரிபண்ணிக்கலாம்.

ரெண்டு மூலமும் வேற வேற இடத்துல இருக்கறதால சப்ஸ்ட்ரேட் சுத்தாட்டி ஒரு ஓரத்துல உலோகம் கூட, இன்னொரு ஓரத்துல சிலிக்கான் கூட வரும். இதை முதல் ரன்ல வேணும்னே பயன்படுத்திக்கோ. சுழற்சியை நிறுத்திட்டு, சின்னச் சின்னத் துண்டா நறுக்கின வேஃபரை ஒரு வரிசையா மாட்டு. ஒரே ரன்ல பல விகிதம் கிடைச்சுடும். எது உனக்கு வேணுமோ அதைத் தேர்ந்தெடுத்து, அடுத்த ரன்ல சுழற்சியைப் போட்டு அந்த ரேட்டுக்குப் போ.

சிலிக்கானுக்குத் தனியா காசு கொட்டாதே. லேப் மூலையில உடைஞ்ச வேஃபர் டப்பா ஒண்ணு கண்டிப்பா இருக்கும். கடையில விக்கிற ஆவியாக்கல் துண்டுகளை விட அது சுத்தம். டோப் பண்ணினதா இருந்தாலும் சிலிசைடுக்கு அந்த போரானும் பாஸ்பரஸும் ஒண்ணும் பண்ணாது. ஃபோட்டோரெசிஸ்ட் பட்டது, உலோகம் போட்டது இதை மட்டும் தள்ளி வை. தங்கம் பட்ட துண்டு ஒண்ணு உள்ள போனா அந்த ஹார்த்தையே மறந்துட வேண்டியதுதான்.

எதுல வைக்கலாம், எதுல வைக்கக் கூடாது

சூடாக்கற டங்ஸ்டன் போட்ல, அதாவது தகட்டுக் கிண்ணத்துல, சிலிக்கானோ சிலிசைடோ வைக்காதே. உருகின சிலிக்கான் போட்டையே தின்னு அதை டங்ஸ்டன் சிலிசைடா மாத்திடும். 1400 டிகிரி பக்கத்துலயே ரெண்டும் கூடிக் கரையும், போட் நொறுங்கி நடுவுல ஒடியும். நீ செய்ய நினைச்ச சேர்மம் தப்பான இடத்துல உருவாகியிருக்கும், அவ்வளவுதான். டான்டலம் போட்டுக்கும் இதே கதி. குவார்ட்ஸ் குரூசிபிள்ல வச்சா சிலிக்கான் அதோட ஆக்சிஜனைப் பிடுங்கி சிலிக்கான் மோனாக்சைடா பறக்கும், படலத்துல ஆக்சிஜன் ஏறும். கிராஃபைட் லைனர்ல சிலிக்கான் கார்பைடு தோல் படியும். சில ரன் தாங்கும், ஆனா ஒரு நாள் லைனர் வெடிக்கும். காரணம் தெரியுமா? சிலிக்கான் உறையும்போது பத்துல ஒரு பங்கு பக்கம் விரியும். பெரும்பாலான உலோகங்கள் சுருங்கறப்ப இது பக்கவாட்டுல முட்டித் தள்ளும். அதனால லைனரை மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பாதே, ரன் முடிஞ்சதும் பவரைச் சட்டுனு அணைக்காம படிப்படியா இறக்கு. இருக்கறதுலயே நல்லது தண்ணி ஓடற செப்பு ஹார்த்துல நேரடியா வைக்கிறது. அடியில உருகாத ஓடு ஒண்ணு நிக்கும், அதுவே சிலிக்கானுக்கும் செம்புக்கும் நடுவுல தடுப்பு. பீமை ஒரே புள்ளியில நிறுத்தி அந்த ஓட்டைத் துளைச்சிடாதே, ஸ்வீப் போட்டுப் பரப்பு.

எலக்ட்ரான் பீமுக்குத் தூள் வேண்டவே வேண்டாம். பீம் பட்ட உடனே மின்னூட்டம் ஏறித் தெறிக்கும், உள்ள இருக்கற காத்து வெளிய வரும்போது இன்னும் தெறிக்கும். படலத்துல குண்டு குண்டா புள்ளி விழும். ஹாட் பிரஸ் பண்ணின துண்டும் உள்ளுக்குள்ள நுண்துளையாத்தான் இருக்கும், மழைக்காலத்து ஈரத்தைக் குடிச்சிருக்கும். அதைக் காய வைக்கணும்னா 120 டிகிரி அடுப்பு போதும். இங்க ஒரு எச்சரிக்கை. மாலிப்டினம் டைசிலிசைடுதான் 1700 டிகிரிக்கு மேலயும் காத்துல நிக்கிற உலைக் கம்பியாச்சே, நல்லாச் சூடாக்கினா என்ன ஆயிடும்னு 500 டிகிரி மஃபிள்ல வச்சுடாதே. அதிகச் சூட்டுல அதுக்கு மேல கண்ணாடி மாதிரி சிலிக்காப் படலம் உருவாகி அதைக் காப்பாத்தும். 400லிருந்து 600 டிகிரிக்குள்ள அந்தக் காப்பு உருவாகாம, ஆக்சிஜன் விரிசல் வழியா உள்ள போய்த் துண்டையே தூளாக்கிடும். 1955லயே ஃபிட்சர் இதைப் பதிவு பண்ணிட்டார்.

பம்ப் டவுன் ஆகறப்ப

பத்து லட்சத்துல ஒரு டார் அழுத்தம் வந்ததும் ஷட்டரைத் திறக்கத் துடிக்கும் கை. அந்த அழுத்தத்துல பரப்பு மேல நொடிக்கு ஒரு அணு அடுக்கு அளவுக்கு மிச்ச வாயு வந்து மோதும். நீ போடற படலமே நொடிக்கு ரெண்டு மூணு அடுக்குதான். கணக்குப் பார். சிலிக்கானும் டைட்டானியமும் ஆக்சிஜனைக் கண்டா விடாது. இன்னும் ஒரு படி கீழ இறங்கற வரைக்கும் காத்திரு. சேம்பர்ல மூணாவது பாக்கெட் இருந்தா, சப்ஸ்ட்ரேட் ஷட்டரை மூடி வச்சுக்கிட்டு கொஞ்சம் டைட்டானியத்தை ஆவியாக்கு. சுவர்ல படியற அந்தப் புது டைட்டானியம் மிச்ச ஆக்சிஜனையும் ஈரத்தையும் உறிஞ்சிடும், பிரஷர் கேஜ் இறங்கறது கண் முன்னாடியே தெரியும்.

வேஃபர் மேல இயற்கையா இருக்கற ஆக்சைடை எடுக்க ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தொடணும்னா தனியா தொடாதே. பக்கத்துல ஒரு ஆள், எட்டற தூரத்துல கால்சியம் குளுக்கோனேட் ஜெல், ரெண்டும் இருந்தாத்தான் பாட்டிலைத் திற. சேம்பரைத் திறந்ததும் கன் பக்கம் கை போறதுக்கு முன்னாடி கிரவுண்டிங் ஹூக். சுவர்ல உரியற படலத்தைச் சுரண்டும்போது மாஸ்க். இதெல்லாம் உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லுவேன்.

வந்தது என்னன்னு பார்க்கறது

எல்லாரும் எக்ஸ்ரே கோடுகளை வச்சுத் தனிமங்களை எண்ணற ஈடிஎக்ஸுக்கு ஓடுவாங்க. டங்ஸ்டன், டான்டலம் சிலிசைடுக்கு ஈடிஎக்ஸ் காட்டற எண்ணை அப்படியே நம்பாதே. சிலிக்கானோட கே கோடு 1.740 கிலோ எலக்ட்ரான் வோல்ட். டங்ஸ்டனோட எம் கோடு 1.775, டான்டலத்தோடது 1.710. மூணும் ஒண்ணு மேல ஒண்ணு விழும், டிடெக்டரால பிரிக்க முடியாது. சாஃப்ட்வேர் மட்டும் கூச்சமே இல்லாம ரெண்டு தசம இடத்துக்கு விடை கொடுக்கும். டங்ஸ்டனுக்கு 8.4 பக்கம் இருக்கற எல் கோட்டையும் பார்க்கற அளவுக்கு பீம் வோல்டேஜை ஏத்து, இல்லாட்டி வேவ்லெங்த் பிரிக்கற டபிள்யூடிஎஸ் இருக்கற இடத்துக்குப் போ. மாலிப்டினத்தோட எல் கோடு 2.29ல தனியா நிக்கறதால அதுக்கு இந்தத் தொல்லை இல்லை. இதோட, சிலிக்கான் வேஃபர் மேல போட்ட படலத்துல சிலிக்கானை எண்ணினா அடியில இருக்கற வேஃபரையும் சேர்த்துத்தான் எண்ணுவே. ஒவ்வொரு ரன்லயும் பக்கத்துல ஒரு கார்பன் துண்டையும் மாட்டி வை. எடை மிகுந்த டங்ஸ்டனையும் லேசான சிலிக்கானையும் பிரிச்சுக் காட்டறதுல ரூதர்ஃபோர்டு பின்சிதறலுக்கு இணை கிடையாது. அதுக்கு அனுப்பவும் அந்தக் கார்பன் துண்டே உதவும்.

எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன்ல போட்ட உடனே ஒண்ணும் தெரியலைன்னு அழாதே. அப்போ அது படிகமில்லாத கலவை. அனீல் பண்ணினாத்தான் சிலிசைடு உருவம் எடுக்கும், மின்தடையும் விழும். டைட்டானியம் சிலிசைடு முதல்ல சி-49ங்கற அமைப்புல வரும், 60, 70 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர் காட்டும். 700 டிகிரியைத் தாண்டி சி-54க்கு மாறினா 15 பக்கம் இறங்கும். மாலிப்டினம் சிலிசைடு படலம் எவ்வளவு அனீல் பண்ணினாலும் 100 பக்கத்துலதான் நிக்கும். உனக்குக் குறைஞ்ச மின்தடைதான் குறின்னா மாலிப்டினமே வேணுமான்னு கைடுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பார்.

அப்படியும் சிலிசைடாவே வேணும்னா

ஸ்பட்டரிங் மெஷின் இருந்தா சிலிசைடு டார்கெட்டா வாங்கு, அங்க அது அர்த்தமுள்ள செலவு. டார்கெட்டோட மேல்பரப்பு கொஞ்ச நேரத்துல தன்னைத்தானே சரிபண்ணிக்கிட்டு, உள்ள இருக்கற விகிதத்துலயே அணுக்களை வெளிய அனுப்பும். வழியிலயும் படலத்துலயும் சிலிக்கான் கொஞ்சம் இழப்பாகும். அதனாலதான் டங்ஸ்டன் சிலிசைடு டார்கெட் 2.7 சிலிக்கான்னு கூடுதலா வச்சு விக்கறாங்க. டைசிலிசைடு வேணும்னு கண்ணை மூடிக்கிட்டு 2.0 டார்கெட் ஆர்டர் பண்ணாதே. செராமிக் மாதிரி நொறுங்கற சரக்கு அது, செப்புத் தகட்டோட ஒட்டி வாங்கு, பவரை மெதுவா ஏத்து.

தூய்மைக்கு 99.9 போதும். கேட்டலாக்ல யுரேனியம், தோரியம் நூறு கோடியில ஒரு பங்குக்கும் கீழன்னு பெருமையா போட்ட ரகம் ஒண்ணு இருக்கும், விலையும் எக்கச்சக்கமா இருக்கும். 1978ல இன்டெல்லோட டிமோத்தி மேயும் மர்ரே வுட்ஸும், சிப் பேக்கேஜ்ல இருக்கற துளி யுரேனியம், தோரியத்திலிருந்து வர்ற ஆல்ஃபா துகள் மெமரி பிட்டைப் புரட்டிடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் மெமரி செய்யறவங்க உள்ள போற ஒவ்வொரு பொருளுக்கும் அந்தக் கணக்கைக் கேட்க ஆரம்பிச்சாங்க. நீ மெமரி செய்யலை.

கொட்டேஷனைத் திருத்தும்போது உலோகத்துக்குத் துண்டு அளவை உங்க ஹார்த் பாக்கெட்டை அளந்துட்டுப் போடு. பகுப்பாய்வுச் சான்றிதழ் அந்த லாட்டுக்கே உரியதா வேணும்னு எழுது, ஆக்சிஜன் அளவும் அதுல இருக்கணும்னு சேர்த்துக்கோ.

கடைசியா தடிமன். ரெண்டு கிரிஸ்டலும் கூட்டி 100 நானோமீட்டர் சொன்னா, அனீல் ஆன பிறகு புரொஃபைலோமீட்டர்ல முக்கால் பங்கு பக்கம்தான் வரும். காணாமப் போன கால் பங்கைத் தேடாதே. உலோகமும் சிலிக்கானும் சேர்மமா நெருங்கி உக்காரும்போது அவ்வளவு சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் படலத்தை இழுத்துப் பிடிச்சு, தடிமன் கூடினா ஓரத்துல சுருட்டி உரிக்கவும் செய்யும். முதல் ரன்ல 100க்கு மேல போகாதே. ஆக்சைடு வளர்த்த வேஃபர் மேலயோ ஃபியூஸ்டு குவார்ட்ஸ் மேலயோ போடு. மைக்ராஸ்கோப் ஸ்லைடு மேல போட்டுட்டு 900 டிகிரி உலைக்குத் தூக்கிட்டுப் போயிடாதே, ஸ்லைடு அதுக்கு ரொம்ப முன்னாடியே இளகி, அதை வச்சிருக்கற உலைத் தட்டு மேல ஒட்டிக்கும்.